தர்மபுரத்தில் ஏறும் சத்தம்

பரந்தன் சந்தியில் காலை ஆறு இருபதுக்கு ஒரு வெள்ளை டொல்பின் வான் வந்து நிற்கும். வெள்ளை என்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறம். முல்லைத்தீவு வீதியின் புழுதியும் மாரிச் சேறும் ஏறி ஏறி அது இப்போது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. வானுக்கு வயது முப்பத்தொன்று. அதன் சொந்தக்காரரும் சாரதியுமான யோகநாதனுக்கு ஐம்பத்திரண்டு. உடையார்கட்டுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் பதினொரு ஆசிரியர்களைப் பதின்மூன்று வருடமாக அவர்தான் ஏற்றி இறக்குகிறார். இந்தப் பதின்மூன்று வருடத்தில் ஒருநாள்கூட முதல் மணி அடித்தபிறகு வான் பாடசாலை வாசல் படலைக்குள் நுழைந்ததில்லை. யோகநாதனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பத்துப் பேர் பரந்தனில் ஏறுவார்கள். பதினோராவது ஆள் தர்மபுரத்தில் ஏறுவார். அவர் உப அதிபர் ஞானேஸ்வரி. சாரதிக்குப் பக்கத்து முன் சீற் அவருடையது. அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் அவர் வராத நாளிலும் அந்தச் சீற்றில் யாரும் இருப்பதில்லை. நாலு வருடத்துக்கு முன்னர் புதிதாக வந்த சித்திர ஆசிரியர் ஒருவர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார்.  ஞானேஸ்வரி ரீச்சர் கதவைத் திறந்து, குடையை மடக்கி, அவர் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆசிரியர் இப்போது மாற்றலாகி மன்னாருக்குப் போய்விட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

பாடசாலையின் இரண்டாம் தவணை தொடங்கி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலையில்தான் சத்தம் வந்தது.

தர்மபுரத்தில் ரீச்சரை ஏற்றிக்கொண்டு விசுவமடுப் பக்கம் புறப்பட்டதும், 'டக், டக், டக்' என்று இஞ்சினுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். அக்சிலேற்றரை மிதித்தால் வேகமாகத் தட்டினார்கள். காலை எடுத்தால் ஆறுதலாகத் தட்டினார்கள்.  அந்த வானில் எந்த ஆணி எப்போது முனகும் என்பது யோகநாதனுக்குத் தெரியும். இது அவர் கேட்டறியாத சத்தம்.

அவர் முதலில் செய்தது, வானொலியின் சத்தத்தைக் கூட்டியதுதான். அதில் செருகியிருந்த பென்ட்ரைவில் இருந்தவை எல்லாம் சாமிப் பாட்டுகள். நாதஸ்வரமும் தவிலும் வானை நிறைத்தன. பின்னால் வர்த்தகம் படிப்பிக்கும் பிரதாபன் சேர் திடுக்கிட்டு விழித்து, கும்பிட்டுவிட்டு மறுபடி நித்திரையானார்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. விசுவமடுவில் சிவகரன் என்று ஒருவர் புது வான் எடுத்திருந்தார். ஏசி போட்டது, சீற்றெல்லாம் மெத்தை. ஆசிரியர்களைக் காணும்போதெல்லாம் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே இருக்கும் குளிரைக் கொஞ்சம் வெளியே விட்டுக் காட்டுவார். ஞானேஸ்வரி ரீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் பதினொரு பேரும் சிவகரனிடம் போய்விடுவார்கள். அந்த வார்த்தை வராமல் இருக்க வேண்டுமானால் இந்தத் தட்டல் ரீச்சரின் காதில் விழக்கூடாது.

அன்று பின்னேரமே யோகநாதன் வானைச் சுடலைமுத்துவின் கராஜுக்கு விட்டார்.

சுடலைமுத்து பரந்தனில் பழைய இரசாயனத் தொழிற்சாலை மதிலுக்கு அருகில் கராஜ் வைத்திருக்கிறார். அவருடைய பெற்றோர் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்தவர்கள். பேச்சில் இன்னும் மலைநாடு இருக்கும். அவர் எப்போதும் செய்கிறமாதிரி முன் சீற்றை நிமிர்த்திச் சாய்த்தார். இந்த வகை வானில் இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழேதான் குந்திக்கொண்டிருக்கும். சீற்றைத் தூக்கினால் அதனோடு சேர்ந்து இஞ்சின் மூடியும் எழும்பும்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

இஞ்சின் ஓடியது. சுடலைமுத்து நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஒவ்வொரு இடமாக வைத்து வைத்துக் கேட்டார். பிறகு டீசல் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார். கடைசியில் மூடியைத் திறந்தபடியே விட்டு, தான் பின்னால் குந்திக்கொண்டு இஞ்சினுக்கு மேல் தலையை நீட்டியபடி, யோகநாதனை முரசுமோட்டைவரை ஓடச் சொன்னார்.

ஒரு சத்தமும் இல்லை.

"இஞ்சின் ஒக்கார்ற ரப்பர் கொஞ்சம் எளகியிருக்கு. இந்த வயசுல அது யாருக்கும் எளகும். மத்தபடி இதக் கல்யாணம் கட்டிக்குடுக்கலாம்ணே, அவ்வளவு சுத்தமா இருக்கு."

மறுநாள் காலை தர்மபுரம் தாண்டியதும், டக், டக், டக்.

யோகநாதன் கைத்தொலைபேசியைக் காலுக்குள் வைத்துச் சத்தத்தைப் பதிவுசெய்தார். பின்னேரம் சுடலைமுத்து அதைக் காதோடு ஒட்டி இரண்டு தரம் கேட்டார்.

"கேக்குதோ?"

"நல்லா கேக்குது."

"என்னது அது?"

"தவிலுண்ணே."

அடுத்த கிழமை அவர் கிளிநொச்சி நகரத்தில் வேறொரு கராஜுக்குப் போனார். அங்கிருந்தவர் பெரிய ஆள். வானைத் திறக்கவில்லை. யோகநாதன் வாயால் 'டக் டக்' என்று செய்து காட்டியதைக் கேட்டுவிட்டு, வானத்தைப் பார்த்தபடி, "கொன்றொட் பெயாரிங். இஞ்சினை இறக்கவேணும். ரெண்டு கிழமை நிக்கும்" என்றார்.

இரண்டு கிழமை! சிவகரனுக்கு இரண்டு நாள் போதும். யோகநாதன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி தயாளினிக்குச் சலித்துப்போயிருந்தது.

"இஞ்சேருங்கோ, நேற்று நான் என்ர பல்லுக்குத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறன், நீங்கள் வளவுக்குள்ள நிக்கிற வானுக்குக் காது குடுத்துக்கொண்டிருக்கிறியள். அது ஸ்ராட்டிலயும் இல்லை."

"தட்டினமாதிரிக் கேட்டது."

"அது நான் அம்மியில மிளகு தட்டினது."

இதற்கிடையில் யோகநாதனை இன்னொன்றும் வதைத்தது. ஞானேஸ்வரி ரீச்சர் மாறிப்போயிருந்தார். வழக்கமாக விசுவமடு வருவதற்குள் இரண்டு ஆசிரியரிடமாவது பாடக்குறிப்பு எழுதியாயிற்றா என்று கேட்டுவிடுவார். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே வீதியைப் பார்த்தபடி வந்தார். இடைக்கிடை கண்ணை மூடினார். கேட்டுவிட்டார் என்று யோகநாதன் முடிவுகட்டினார். கேட்டுவிட்டு, சிவகரனிடம் எந்தத் திகதியிலிருந்து போவது என்று யோசிக்கிறார். யோகநாதன் பாட்டின் சத்தத்தை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டினார்.

யோகநாதனின் கள்ளத்தைப் பிடித்தது பிரேமிளா மிஸ். பௌதிகவியல் படிப்பிப்பவர், முப்பது வயதுக்குள். சாரதிக்கு நேர் பின் சீற்றில் இருப்பவர். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கும் இடைவெளியில் அவர் தலையை நிமிர்த்தியதை யோகநாதன் கண்ணாடியில் கண்டார். அடுத்த இடைவெளியில் அவர் முன்னால் குனிந்தார். பாடசாலைப் படலையில் மற்றவர்கள் இறங்கிப் போனபிறகு கிட்ட வந்தார்.

"யோகண்ணை, இஞ்சின் தட்டுது."

"இல்லை மிஸ், அது தவில்."

"தவில் அக்சிலேற்றருக்கு அடிக்குமோ?"

யோகநாதன் ஸ்ரேரிங்கில் தலையை வைத்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சுடலைமுத்துவைச் சொன்னார், இரண்டு கிழமையைச் சொன்னார், சிவகரனின் குளிரைச் சொன்னார். பிரேமிளா குறுக்கிடாமல் கேட்டார். இவ்வளவு நாளில் அவருடைய கதையை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனா இஞ்சினை இறக்கக் குடுக்காதேங்கோ. முதல்ல அளந்து பாப்பம்."

அன்றிலிருந்து பிரேமிளா ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அட்டவணை போட்டார். திகதி, வெயிலா மழையா, சத்தம் தொடங்கிய இடம், முடிந்த இடம். யோகநாதனுக்கு அதைப் பார்க்கவே தெம்பாக இருந்தது. எட்டு நாளில் அட்டவணை நிரம்பியது. சத்தம் தொடங்கியது எல்லா நாளும் தர்மபுரத்தில். பின்னேரம் திரும்பி வரும்போது முடிந்ததும் தர்மபுரத்தில். புதன்கிழமை மட்டும் போகும்போதும் சத்தம் இல்லை, வரும்போதும் இல்லை.

"அது சூடு மிஸ்," என்றார் யோகநாதன். "தர்மபுரம் வரேக்கதான் இஞ்சின் சரியாச் சூடாகும்."

"அப்ப பின்னேரம் ஏன் அங்க நிக்குது? சூடு ஆறிப்போகுதோ?"

பிரேமிளா கொப்பியை மூடினார்.

"சனிக்கிழமை தனிய ஓடிப் பாருங்கோ. இதே நேரம், இதே வேகம்."

சனிக்கிழமை அவர் வெறும் வானோடு உடையார்கட்டுவரை போய்த் திரும்பினார். தர்மபுரத்தில் வழக்கம்போல ஒரு நிமிடம் நிறுத்திக்கூடப் பார்த்தார். வான் பூனைபோல வந்தது. திங்கள் காலை பரந்தனில் பிரேமிளா ஏறியதும் மெல்லிய குரலில் சொன்னார்.

"ஒண்டுமில்லை மிஸ்."

பிரேமிளா கொப்பியைப் பார்த்தார். பேனையால் பல்லில் தட்டினார்.

"யோகண்ணை, தர்மபுரத்தில வானுக்குள்ள என்ன ஏறுது?"

"என்ன ஏறும்? ஒண்டும் ஏறாது. ஞானேஸ்வரி ரீச்சர் மட்டும்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் நிறுத்திவிட்டார். பிரேமிளாவும் பேனையை நிறுத்திவிட்டார்.

"புதன்கிழமை அவா லீவு," என்றார் பிரேமிளா.

"ஐயோ மிஸ், இதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"அவாவில பிழையில்லை அண்ணை. அவான்ர சீற்றிலதான் ஏதோ இருக்கு. சீற்றில பாரம் ஏறினா சத்தம் வருது. கராஜில எல்லாரும் முதல்ல என்ன செய்யினம்? சீற்றைத் தூக்கினம்."

யோகநாதன் சுடலைமுத்துவின் கராஜை நினைத்துப் பார்த்தார். சத்தத்தைத் தேட என்று சீற்றைத் தூக்குகிறார்கள். தூக்கியதும் சத்தம் போய்விடுகிறது.

"அப்ப நான் போய் முன்னுக்கு இருந்து பாக்கிறன், இப்பவே," என்று பிரேமிளா எழும்பினார். பின்னாலிருந்து எல்லோருடைய கண்களும் அவரைப் பார்த்தன. சித்திர ஆசிரியரின் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர் மறுபடி இருந்துவிட்டார். "வேண்டாம். பாரம்தானே வேணும். வீட்டில என்ன இருக்கு அண்ணை?"

வீட்டில் நெல்லு இருந்தது.

மறுநாள் விடிய யோகநாதனும் தயாளினியும் சேர்ந்து ஒரு நெல்லு மூட்டையைத் தூக்கி முன் சீற்றில் இருத்தினார்கள். சரிந்து விழாமல் இருக்க யோகநாதன் அதற்குப் பெல்ற்றும் போட்டுவிட்டார். ஆசிரியர்கள் கேட்டால், மில்லுக்குப் போகும் நெல்லு என்று சொல்வது. புளியம்பொக்கணைச் சந்தியில் தெரிந்தவரின் கடையில் மூட்டையை இறக்கிவிடுவது. அதற்கு அடுத்ததுதான் தர்மபுரம்.

வீட்டுப் படலையை விட்டு வெளியே வந்ததும், டக், டக், டக்.

பதின்மூன்று வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக வான் ஓடியதில்லை. பரந்தனில் ஏறிய பிரேமிளா, பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காது கொடுத்தார். முகம் மலர்ந்தது. ஓடும் வானில் பின்னாலிருந்து இரண்டு கையாலும் மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கினார். சத்தம் நின்றது. விட்டார். தட்டியது. தூக்கினார். நின்றது.

"பாத்தியளோ அண்ணை!"

"இன்னொருக்காத் தூக்குங்கோ மிஸ்!"

"என்னப்பா நடக்குது?" என்று பிரதாபன் சேர் கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விளங்கியதும் அவரும் வந்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு சங்கீத ரீச்சர் தூக்கினார். முழு வானும் முறைபோட்டு நெல்லு மூட்டையைத் தூக்கித் தூக்கி விட்டது. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். புளியம்பொக்கணைச் சந்தி எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

யோகநாதன் நிமிர்ந்து பார்த்தபோது தர்மபுரம் பஸ் தரிப்பிடத்தில் கறுப்புக் குடையோடு ஞானேஸ்வரி ரீச்சர் நின்றார்.

வான் நின்றது. சிரிப்பும் நின்றது. ரீச்சர் முன் கதவைத் திறந்தார். குடையை மடக்கினார். பெல்ற் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மூட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது ஆர்?"

"நெல்லு, ரீச்சர்."

"நெல்லெண்டு தெரியுது. எந்தப் பாடத்துக்கு நியமனம்?"

 பிரேமிளா, "ரீச்சர், அது ஒரு பரிசோதனை, பாரமும் அதிர்வும்..." என்று தொடங்கி, ரீச்சரின் முகத்தைப் பார்த்ததும் பௌதிகவியல் முழுவதையும் மறந்துபோனார். மில்லுக்குப் போகும் நெல்லு என்று சொல்ல யோகநாதனும் வாயைத் திறந்தார். ஆனால் மூன்று கிழமையாக அடக்கி வைத்திருந்ததுதான் வெளியே வந்தது.

"ரீச்சர், நீங்கள் இருந்தா இஞ்சின் தட்டுது."

சொன்ன மறுகணமே, சிவகரனின் மெத்தைச் சீற்றில் பதினொரு பேரும் வரிசையாக இருப்பது அவருடைய கண்ணுக்குள் வந்துபோனது.

ரீச்சர் கோபப்படவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பிடித் தட்டுது?"

"டக் டக் எண்டு, ரீச்சர். மிதிச்சா வேகமா. விட்டா மெதுவா."

"எப்ப தொடங்கினது?"

"இந்தத் தவணை ரெண்டாம் கிழமை. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை," என்று ரீச்சர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, "மூட்டையை இறக்கும்" என்றார்.

பிரதாபன் சேரும் யோகநாதனும் மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். ரீச்சர் ஏறி இருந்தார். கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, வலது கையை நெஞ்சில் வைத்தார்.

"பாட்டுப் போடாதேயும். ஸ்ராட் பண்ணும்."

டக், டக், டக்.

"மிதியும்."

டக்டக்டக்டக்.

"விடும்... இஞ்சினை நிப்பாட்டும்."

அமைதி. எங்கோ ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வயலுக்குப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. ரீச்சர் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் நெடுநேரம் காத்திருந்தார்.

"இன்னொருக்கா ஸ்ராட் பண்ணும்."

இப்படி நாலு தரம் செய்வித்தார். நாலாம் தரம் இஞ்சின் நின்றபோது அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பிரேமிளா எழும்பினார். ரீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர வர, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஞானேஸ்வரி ரீச்சர் சிரித்து அந்த வானில் எவரும் பார்த்ததில்லை. அதனால் எல்லோருக்கும் இன்னும் பயமாக இருந்தது.

"அட பாவி," என்றார் யோகநாதனைப் பார்த்து. "மூண்டு கிழமையா நான் சாகப்போறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

"ரீச்சர்?"

"நெஞ்சு எண்டு நினைச்சன் ஐசே! முதுகில பிடிச்சு நெஞ்சுவரைக்கும் டக் டக் எண்டு அடிக்குது. ஏறி இருந்தா அடிக்குது, இறங்கினா விடுது. கிளிநொச்சியில டொக்டரிட்டப் போய் ரெண்டுதரம் ஈசிஜி எடுத்தாச்சு. ஒண்டுமில்லையாம். ஒருநாள் முழுக்க நெஞ்சில வயர் ஒட்டி, இடுப்பில ஒரு பெட்டி கட்டிவிட்டார். அண்டைக்குப் பாத்து நான் லீவு போட்டிட்டு வீட்டில இருந்தன். அதிலயும் ஒண்டுமில்லை."

"புதன்கிழமை," என்றார் பிரேமிளா மெல்ல.

"வேலை அழுத்தம் எண்டார் டொக்டர். பள்ளிக்கூடம் போகேக்க வாற பயமாம். 'அப்ப வீட்ட வரேக்கயும் அடிக்குதே' எண்டன். அதுக்கு, வீட்டிலயும் அழுத்தம் இருக்கும் எண்டார். வீட்டில நானும் ஒரு பூனையும்தான். மகளுக்குச் சொல்லேல்லை. சொன்னா கனடாவில இருந்து அடுத்த பிளேனில வந்து, வேலையை விடச் சொல்லுவாள். தங்கச்சிக்கு மட்டும் அலுமாரித் திறப்பு ஒளிச்சு வைச்சிருக்கிற இடத்தை எழுதிக் குடுத்தனான்."

யோகநாதன் ரீச்சர் பக்கம் திரும்பினார். "சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையோ, ரீச்சர்?"

"எங்க கேக்க விட்டனீர்? அந்தப் பாட்டு! நான் நினைச்சன், உமக்கு எப்பிடியோ விஷயம் தெரிஞ்சுபோச்சு, போற உயிர் சாமிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகட்டும் எண்டு சத்தத்தைக் கூட்டுறீர் எண்டு."

அதற்குமேல் வான் முழுவதும் அடக்க முடியாமல் சிரித்தது. யோகநாதனும் சிரித்தார். ஆனால் அவருடைய சிரிப்பு பாதியிலே நின்றுவிட்டது. ஒரு சத்தத்தை மறைக்கப் போய் ஒரு மனுசியை மூன்று கிழமை சாகவைத்திருக்கிறோமே என்று உறைத்தது.

"ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் சிவகரன்ர வானுக்குப் போயிடுவியள் எண்டு பயந்துதான்..."

"சிவகரன்ர வானில ஏசி. எனக்கு ஏசியில தடிமன் வரும்," என்றார் ரீச்சர். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் பழைய முகமானது. "ஏழு அஞ்சு. ஏன் இன்னும் நிக்கிறீர்?"

அன்றும் வான் முதல் மணிக்கு முன்னர் படலைக்குள் நுழைந்தது. நேரம் போதாமல் விசுவமடுவில் பாரவூர்தி ஒன்றை முந்தவேண்டியிருந்தது. அப்போது இஞ்சின் பலமாகத் தட்டியது. ரீச்சர் அதைக் கேட்டுத் தலையாட்டி ரசித்தார்.

பின்னேரம் ரீச்சர் தர்மபுரத்தில் இறங்கவில்லை; கராஜுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். "மூட்டையை வைச்சுக் காட்டலாம், ரீச்சர், நீங்கள் அலையத் தேவையில்லை," என்று யோகநாதன் சொன்னார். "மூட்டைக்கு என்ன தெரியும்? அடிச்சது எனக்கு," என்றார் ரீச்சர். பிரேமிளாவும் கொப்பியோடு கூடவே வந்தார்.

சுடலைமுத்து வானைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யோகண்ணே, இந்த வண்டி என்கிட்ட வந்தா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது. சரி, சீட்ட தூக்குங்க..."

"சீற்றைத் தொடாதேயும்!" என்று வானுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சுடலைமுத்து பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. இருந்தும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஸ்ராட் பண்ணும், யோகநாதன்."

டக், டக், டக்.

சுடலைமுத்துவின் முகம் கோயிலில் தீபம் காட்டியதுபோல ஆனது. "அடடா, வந்துருச்சு! அப்படியே இருங்க டீச்சர், எந்திரிச்சிறாதீங்க!" லாம்பை எடுத்துக்கொண்டு பாய் ஒன்றை விரித்து, வானுக்குக் கீழே மல்லாந்து ஊர்ந்தார். மேலே ரீச்சர் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தார். கீழிருந்து குரல் வந்தது.

"டீச்சர், கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க."

சாய்ந்தார். சத்தம் குறைந்தது.

"இப்ப அந்தப் பக்கம்."

சாய்ந்தார். கூடியது.

"இப்ப லேசா எழும்பி ஒக்காருங்க."

"நான் வகுப்பில பிள்ளையளைக்கூட இப்பிடி எழும்பி இருக்கச் சொன்னதில்லை," என்றார் ரீச்சர். ஆனாலும் எழும்பி இருந்தார். பிரேமிளா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

கால் மணித்தியாலம் கழித்துச் சுடலைமுத்து முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணே, இஞ்சின் தட்டல."

"பின்ன?"

"சீட்டுதான் இஞ்சின தட்டுது."

சீற்றைத் தூக்கித் தலைகீழாக்கிக் காட்டினார். இஞ்சின் மூடியின் அடிப்பக்கத்தில் பாரம் தாங்குவதற்காக ஒட்டியிருந்த இரும்புப் பட்டி ஒன்று, ஒரு முனையில் ஒட்டு விட்டுத் தொங்கியது. யாராவது சீற்றில் இருந்தால் அந்த முனை கீழே வளைந்து, இஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயில் முட்டும். ரப்பர் இளகியதால் இஞ்சின் கொஞ்சம் கூடவே ஆடிக்கொண்டிருந்தது. ஆடும்போதெல்லாம் ஒரு தட்டு. பட்டி தொட்ட இடத்தில் குழாய் காசுபோல மினுங்கியது.

"இதுக்கோ இஞ்சினை இறக்கச் சொன்னவங்கள்?" என்றார் யோகநாதன்.  வானுக்குப் பின்னால் போய், ரயரைப் பார்ப்பதுபோலக் குந்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழும்பி வந்தபோது கண்ணைச் சுற்றிக் கிறீஸ் அப்பியிருந்தது. பிரேமிளா கைலேஞ்சியை நீட்டினார்.

வெல்டிங் பத்து நிமிடத்தில் முடிந்தது. சுடலைமுத்து புது ரப்பரும் போட்டார். ரீச்சர் மறுபடி ஏறி இருந்தார். இஞ்சின் ஓடியது. வேறொரு சத்தமும் இல்லை. ரீச்சர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அங்கேயும் இருக்கவேண்டியது மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, கிளிநொச்சியில் டொக்டரிடம் ரீச்சர் மறுபடி காட்டவேண்டிய நாள். யோகநாதன்தான் கூட்டிக்கொண்டு போனார். வெளியே நின்றவரை, "நீரும் உள்ளுக்கு வாரும், நான் சொன்னா அந்தாள் நம்பாது," என்று ரீச்சர் இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் இளைஞர். கண்ணாடி போட்டவர். கடைசி நோயாளி என்பதால் களைத்திருந்தார். ரீச்சரின் அட்டையைப் புரட்டினார்.

"இப்ப அந்தப் படபடப்பு எப்பிடி, அம்மா?"

"முற்றாச் சுகம்."

"நல்லது. குளிசை ஒழுங்கா எடுத்தனீங்களோ?"

"இல்லை. வெல்டிங் செய்தது."

டொக்டரின் பேனை அட்டையின் மேல் அப்படியே நின்றது. யோகநாதன் பாய்ந்து விளங்கப்படுத்தத் தொடங்கினார். தர்மபுரத்தில் தொடங்கி, தவிலுக்குப் போய், நெல்லு மூட்டைக்கு வந்து, கடைசியில் கைத்தொலைபேசியில் இரும்புப் பட்டியின் படத்தை எடுத்துக் காட்டினார். டொக்டர் அதை வாங்கி, எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். 

"அப்ப அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நீங்கள் வானில போயிருக்கவேணும்," என்றார் கடைசியில்.

"நீங்கள் ஆறுதலா இருக்கச் சொன்னனீங்கள், டொக்டர்."

டொக்டர் அட்டையில் என்னவோ எழுதினார், வெட்டினார், மறுபடி எழுதினார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கதிரையை யோகநாதன் பக்கம் இழுத்தார்.

"அண்ணை, என்ர காரில ஒண்டு இருக்கு. வலப்பக்கம் திருப்பேக்க மட்டும் முன்னுக்கு 'கிறீச்' எண்டுது. ஏசி போட்டா நிக்குது. கராஜில ஒருத்தனுக்கும் பிடிபடேல்லை. போன மாசத்தில இருந்து எனக்கு நித்திரையே இல்லை."

"திருப்பேக்க எவ்வளவு வேகத்தில போறனீங்கள், டொக்டர்?"

"இருவது, இருவத்தைஞ்சு."

"பக்கத்தில ஆரும் இருந்தவையோ?"

டொக்டர் யோசித்தார். "கவனிக்கேல்லை."

"அதைக் கவனிக்காம என்னத்தைப் பாக்கிறது?" என்றார் ஞானேஸ்வரி ரீச்சர். குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "கார் எங்க நிக்குது? காரின்ர திறப்பை யோகநாதனிட்டக் குடும். நீர் பக்கத்தில இரும். நான் பின்னுக்கு இருந்து கேக்கிறன்."